டயர் உள்பக்கம் மட்டும் மொட்டை, ஏன்?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நேத்து ராத்திரி சிங்கப்பூர் ஈசூன் கார்பார்க்கில் ஸ்டியரிங்கை முழுசாத் திருப்பி, டார்ச் அடிச்சுப் பார்த்தேன். முன் இடது டயர் உள்விளிம்பு சுத்தமா வழவழ. வெளிப்பக்கக் கோடெல்லாம் புதுசு மாதிரி இருக்கு. குறுக்கே தடவினா ரம்பப்பல் போல உறுத்துது.

காத்து குறைஞ்சா ரெண்டு ஓரமும், கூடினா நடுவும்தானே தேயும்? அப்ப இது டோ (மேலேருந்து பார்த்தா சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிக்கிறது) இல்லன்னா கேம்பர் (முன்னாலேருந்து பார்த்தா சக்கரம் சாய்ஞ்சு நிக்கிறது) கோளாறுன்னு நினைக்கிறேன். போன மாசம் ஜொகூரில் ஒரு பள்ளத்தில் ‘டம்’னு இறங்கினேன் வேற (வீட்டுக்காரி இன்னும் விடல).

வொர்க்‌ஷாப்காரர் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிபண்றது) மட்டும் போதும்கிறார். சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற லோயர் ஆர்மோட ரப்பர் புஷ், பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) ஆடினா அலைன்மென்ட் நிக்காதே? சட்டப்படி டயர் கோடு 1.6 மில்லிமீட்டராவது ஆழம் வேணும், அதனால டயர் மாத்திடுவேன். அதுக்கு முன்னாடி எதைச் சோதிக்கச் சொல்லணும்? இங்க உபி, சின் மிங் வட்டாரத்துல அலைன்மென்ட் அளவுத்தாளைக் காட்டி விளக்குற ஆள் யாராவது தெரியுமா?