புதுப்பிப்பு: விடைத்தாள் திருத்த ஆள் கிடைச்சாச்சு!

யூபிஎஸ்சி மெயின்ஸில் (ஐஏஎஸ், ஐபிஎஸ் மாதிரி பணிகளுக்கான முதன்மைத் தேர்வு) தமிழ் இலக்கியம் என் விருப்பப் பாடம், எழுதிப் பார்க்கிற விடைகளைத் திருத்தித் தருவீங்களானு முன்னாடி கேட்டிருந்தேன். எழுத்துத் தேர்வோட 1750 மதிப்பெண்ணில் இதுக்கு மட்டும் 500. அதனாலதான் கூச்சத்தை விட்டுக் கேட்டேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தர் வாராவாரம் திருத்தித் தர்றாங்க. குறுந்தொகை விடையோட ஓரத்தில் சிவப்பு மையில், "பாட்டு சரி. கேட்ட கேள்விக்குப் பதில் எங்கேம்மா?" அந்த ஒரு வரி எனக்கு ஒரு மாசப் படிப்புக்குச் சமம். டீச்சர், மனசார நன்றி!

உதவி கேட்கிறவங்க "வாரம் ரெண்டு விடை"னு அளவு சொல்லிக் கேளுங்க. வர்றவங்களுக்கும் ஒத்துக்கிறது சுலபம்.

அடுத்து, மூணு மணி நேர முழுத் தேர்வுப் பயிற்சி. மதுரையில் கூடச் சேர்ந்து எழுத யாராவது வர்றீங்களா? கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சந்திச்சுப் பேசலாம்.