இரண்டு விநாடிக் கோட்டை நம்பி காமா கதிர் வெடிப்புகளைப் பிரிக்கலாமா?

பாளை மாணவி:
முதுகலை இயற்பியல் ஆய்வுக்காக விண்ணில் சட்டென மின்னி மறையும் காமா கதிர் வெடிப்புகளை, ஃபெர்மி செயற்கைக்கோளின் பட்டியலிலிருந்து எடுத்து வகைப்படுத்திக்கொண்டிருக்கிறேன். டி-90, அதாவது வெடிப்பு நீடித்த நேரம், இரண்டு விநாடிக்குக் கீழே என்றால் நியூட்ரான் விண்மீன்கள் மோதியவை, மேலே என்றால் பெரிய விண்மீன் சரிந்தவை என்றுதான் படித்தேன். ஆனால் 2021 டிசம்பர் 11 வெடிப்பு ஏறத்தாழ 50 விநாடி நீடித்தும், நியூட்ரான் விண்மீன் மோதலுக்கு அடையாளமான கிலோநோவா ஒளியைக் காட்டியது. 2020 ஆகஸ்ட் 26 வெடிப்பு ஒரு விநாடி அளவே. அதன் பின்னால், பெரிய விண்மீன் சரிந்ததற்கு அடையாளமான சூப்பர்நோவா. இவற்றை விதிவிலக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அம்பை ஆசிரியர்:
ஒதுக்காதீர்கள் அம்மா. இரண்டு விநாடி என்பது இயற்கை போட்ட வரப்பு அன்று. காம்ப்டன் செயற்கைக்கோளின் பாட்சி கருவி கண்ட வெடிப்புகளைக் கால அளவுப்படி அடுக்கியபோது இரு மேடுகளுக்கு நடுவே தெரிந்த பள்ளம் அது; 1993இல் எழுதினார்கள். கருவி மாறினால் பள்ளமும் நகரும்.

எங்கள் ஊரில் சித்திரைக் கோடைமழை இடியோடு கொட்டி அரை மணியில் ஓய்ந்துவிடும். ஐப்பசி அடைமழை விடாது. ஆனால் ஐப்பசியிலும் பத்து நிமிட மழை உண்டே! பெய்த நேரத்தை மட்டும் வைத்துப் பருவத்தைச் சொல்ல முடியாது.

டி-90 என்பது கருவி எண்ணிய மொத்த ஒளித்துகள்களில் முதல் 5 விழுக்காட்டையும் கடைசி 5 விழுக்காட்டையும் விட்டு, நடுவில் கழிந்த நேரம். மங்கிய வால் பின்னணி இரைச்சலில் மூழ்கினால் நெடியதும் குறியதாகத் தெரியும். தாழ்ந்த ஆற்றலில் பார்த்தால் அதே வெடிப்பு நீளும். ஃபெர்மி பட்டியலின் கணக்கு 50 முதல் 300 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வரை. ஸ்விஃப்ட் என்னும் இன்னொரு செயற்கைக்கோள் பார்ப்பது 15 முதல் 150. இரண்டையும் ஒரே வரைபடத்தில் கலக்காதீர்கள். நான் கலந்து மூன்று மாத உழைப்பை இழந்தேன்.

பாளை மாணவி:
நானும் கலந்துதான் வைத்திருக்கிறேன் அண்ணாச்சி. இன்றே பிரித்துவிடுகிறேன். கால அளவை விட்டால் வேறு எதைப் பிடிப்பது?

வள்ளியூர்க்காரன்:
தாமதத்தைப் பாருங்கள் தங்கச்சி. விண்மீன் சரிவில் பிறந்தவற்றில் பொதுவாக உயர் ஆற்றல் கதிர் முந்தும், தாழ் ஆற்றல் கதிர் பிந்தும். மோதலில் பிறந்தவற்றில் இந்த இடைவெளி அநேகமாக இல்லை. நீங்கள் சொன்ன 2021 வெடிப்பிலும் அது மிகச் சிறியதே. கூடவே, உயர் ஆற்றல் பட்டையின் எண்ணிக்கையைத் தாழ் ஆற்றல் பட்டையின் எண்ணிக்கையால் வகுத்து வன்மை விகிதத்தையும் சேருங்கள். குறு, நெடு என்ற பெயர்களை விட்டு மோதல், சரிவு என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் நிகழ்தகவு கொடுங்கள். எனக்கு அதுதான் நேர்மையாகப் படுகிறது.

பாளை மாணவி:
ஃபெர்மியின் நேரப் பதிவுக் கோப்புகளை இறக்கத் தொடங்கிவிட்டேன் அண்ணாச்சி. முதலில் அந்த ஆகஸ்ட் 26 வெடிப்பு.