செகோதொங் பக்கம் நிலம் பார்த்தவர்கள், வீடு கட்டியவர்கள்: கண்ணில் பட்டதில் மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

எல்லைக்கல்:
செகோதொங், இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் தென்மேற்கு மூலை. 30 அரே மனை, கொஞ்சம் சரிவு, மேலிருந்து பார்த்தால் கடல். (ஒரு அரே 100 சதுர மீட்டர், நம் கணக்கில் 2.47 சென்ட். விலை பேசுவதெல்லாம் அரேக்குத்தான்.) சான்றிதழ் 1980-களில் கொடுத்தது. பச்சை அட்டை, கருடன் முத்திரை, அசல்தான். விற்பவர் வேலிக்காலைக் கையால் காட்டி “இங்கிருந்து அந்தத் தென்னை வரைக்கும்” என்கிறார். வாங்க வந்தவர் ஃபோனில் நில அலுவலகத்தின் ‘செந்து தானாகு’ செயலியைத் திறந்தால், நிற்கிற இடத்தில் வேறு சான்றிதழ் எண். பக்கத்து மனைக்காரர் பேசாமல் உள்ளே போய், பிளாஸ்டிக் உறையில் போட்ட தன் சான்றிதழை எடுத்து வந்து திண்ணையில் வைத்தார். செயலி காட்டிய அதே எண்!

இது போலிப் பத்திர மோசடி இல்லை. 1961-லிருந்து 1997 வரை கொடுத்த சான்றிதழ்களில் பல வரைபடத்தில் ஏற்றப்படாதவை. காகிதத்தில் பரப்பளவு இருக்கும், இடம் எது என்பது இருக்காது. பின்னால் அளந்தவர் முதலில் வரைபடத்தில் ஏறிவிட்டார், அவ்வளவுதான்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே விற்பவரை மாவட்ட நில அலுவலகத்தில் மறு அளவைக்கு மனுப் போடச் சொல்லுங்கள். மூலைக்கு ஒரு கல் நட வேண்டியது உரிமையாளர் பொறுப்பு. நான்கு பக்கத்து மனைக்காரர்களும் வந்து நின்று கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றுவிடும், ஆனால் அந்த மறுப்புதான் உங்களுக்குத் தேவையான தகவல். சான்றிதழே இல்லாமல் ‘பிபில்’ மட்டும் காட்டினால் இன்னும் எச்சரிக்கை. அது பழைய வரிக் காகிதம். 2021-இன் 18-ஆம் எண் அரசு விதிப்படி இந்த வகைப் பழைய காகிதங்களைப் பதிவு செய்ய 5 ஆண்டுக் கெடு, 2026 பிப்ரவரி வரை. அதற்குப் பிறகு அது உரிமைச் சான்றாகாது.

மாத்தாரம் மருமகள்:
எல்லைக்கல் அண்ணே, அளவையை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். சாசாக் (லொம்போக்கின் பூர்வகுடிகள்) குடும்பத்து நிலத்தில் கல் சரியாக இருந்தாலும் கையெழுத்தில்தான் கவிழும்.

நோட்டரி அலுவலகம், மேசையைச் சுற்றி ஏழு வாரிசுகள். விற்பனைப் பத்திரத்தைச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம், வாசித்தாயிற்று. மூத்த அக்கா பேனாவைக் கையில் எடுத்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்: “அப்போ கிணறு யாருக்கு?” மனைக்குள் இருக்கிற கிணற்றில் பின்னால் நான்கு வீட்டுக்காரர்கள் தண்ணீர் எடுக்கிறார்கள். பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பேனா கீழே போனது, ஒவ்வொருவராக எழுந்துவிட்டார்கள்.

அதனால் வாரிசுச் சான்று கிராமத் தலைவரிடம் வாங்கி வட்டார அதிகாரி மேலொப்பம் போட்டதா என்று மட்டும் பார்த்தால் போதாது. லொம்போக்கில் வீட்டுக்கு ஒருவர் மலேசியாவில் வேலை பார்ப்பார். அவருடைய அதிகாரப் பத்திரம் அங்குள்ள இந்தோனேசியத் தூதரக அலுவலகத்தில் சான்று பெற்று வர வேண்டும். வீடியோ கால் செல்லாது. இறந்துபோன அண்ணனுக்குச் சிறு பிள்ளைகள் இருந்தால் நீதிமன்ற அனுமதி தனி. விற்பவரின் மனைவியோ கணவரோ சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். கிணறு, நடைவழி, பள்ளிவாசலுக்குப் போகிற குறுக்குப் பாதை எல்லாவற்றையும் பத்திரத்தில் எழுதுங்கள். வழியைத் தனித் துண்டாகப் பிரித்துப் பதிந்துகொண்டால் இன்னும் நல்லது. வரி: விற்பவருக்கு 2.5 சதவீதம், வாங்குபவருக்கு விலக்குத் தொகை போக 5 சதவீதம். “ரெண்டும் உங்க தலையிலதான்” என்று தரகர் கடைசியில் சொல்வார், முதல் நாளே பேசிவிடுங்கள்.

பினாமி பார்த்தவன்:
மேலே இரண்டு பேரும் உள்நாட்டுக் குடிமகன் வாங்குகிற கதையைச் சொல்கிறீர்கள். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுப் பாஸ்போர்ட். ‘ஹாக் மிலிக்’ என்கிற முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டம், 21-ஆம் பிரிவு. ஊர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கி வைத்தால்? 26-ஆம் பிரிவு: ஒப்பந்தம் செல்லாது, நிலம் அரசுக்கு, கொடுத்த பணம் திரும்பாது.

பெயர் கொடுத்தவர் இறந்துபோனார். ஒன்பதாம் நாள் பிரார்த்தனை முடிந்து, பாயைச் சுருட்டுவதற்குள் மூத்த மகன் வந்து மிக மரியாதையாகக் கேட்டான்: “பாக் (ஐயா), இந்த மாசத்திலிருந்து வாடகை எவ்வளவு தர்றீங்க?” வீட்டைக் கட்டியவருக்கு வாயே திறக்கவில்லை. பையன் மீது தப்பும் இல்லை, சான்றிதழில் இருப்பது அவன் அப்பா பெயர்.

உப்புத்தண்ணி:
“கிணறு யாருக்கு” என்று சண்டை போட்டார்களே, அந்தத் தண்ணீர் ஆனி, ஆடிக்குப் பிறகு வாயில் வைக்க முடியுமா என்று யாராவது கேட்டார்களா?

செகோதொங் கரைக்கு எதிரே இருக்கிற கிலி கெடே மாதிரி சின்னத் தீவில் நிலத்தடி நன்னீர் என்பது உப்பு நீருக்கு மேல் மிதக்கிற ஒரு படலம். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் இருக்கும். அப்படியே திருப்பிப் பாருங்கள்: மோட்டார் போட்டு மட்டத்தை 10 சென்டிமீட்டர் இறக்கினால் உப்பு நாளடைவில் 4 மீட்டர் மேலே ஏறப் பார்க்கும். ஒரு விடுதியில் பெரிய மோட்டார் மாட்டி, தொட்டியை ஒரே மூச்சில் நிரப்பினார்கள். செப்டம்பரில் சமையல்காரி காபி போட்டு நீட்டினாள், குடித்தவர் அப்படியே மணலில் துப்பினார். பக்கத்து மூன்று கிணறுகளும் அந்த வாரமே கெட்டன.

பிப்ரவரியில் கிணற்றைப் பார்த்து வாங்காதீர்கள், மழைக்காலத்தில் எல்லாக் கிணறும் இனிக்கும். செப்டம்பர், அக்டோபரில் மின்கடத்துத்திறன் மீட்டரோடு (தண்ணீரில் உப்பு கூடினால் காட்டிக்கொடுக்கும்) போங்கள், காலையில் ஒன்று, இரண்டு மணி நேரம் இறைத்தபின் ஒன்று என அளவெடுங்கள். 125 வாட் சின்ன மோட்டார், விட்டுவிட்டு ஓட்டம், மேலே ஒரு பெரிய தொட்டி, இதுதான் முறை. கழிவுத் தொட்டி கிணற்றிலிருந்து குறைந்தது 10 மீட்டர். கூரை மழைநீரைக் குடிப்பதற்கென்று தனியாகப் பிடித்து வையுங்கள்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், கரண்ட்: 1300 வி.ஏ. இணைப்பு என்றால் 6 ஆம்பியர் பிரேக்கர். ஏ.சி. ஓடும்போது மோட்டார் கிளம்பினால், கிளம்பும் நொடியில் பல மடங்கு மின்னோட்டம் இழுத்து டப்பென்று விழும். 2200 வி.ஏ. என்றால் 10 ஆம்பியர். ப்ரீபெய்ட் மீட்டர், டோக்கன் 20 இலக்கம். கடை ராத்திரி மூடிவிடும், இரண்டு டோக்கனை எண்ணோடு எழுதிக் கையில் வைத்திருங்கள்.

கொத்தனார் மகன்:
தண்ணீரைப் பற்றி இவ்வளவு சொன்னவர் மணலைப் பற்றிச் சொல்லவில்லையே. தீவில் ஆற்று மணல் படகில் வர வேண்டும், விலை கூடும். ராத்திரியில் கரையிலிருந்தே அள்ளிக் கலந்துவிடுவார்கள். அந்த உப்பு கம்பியைத் தின்னும். துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்து உடைக்கும். ஒரு வராந்தாத் தூணில் விரலால் தட்டியதும் பூச்சு தகடாகக் கழன்று விழுந்தது, உள்ளே கம்பி இருந்த இடத்தில் சிவப்புப் பொடி. கட்டி அதிக காலமாகாத வீடு.

2018 ஆகஸ்ட் 5 நிலநடுக்கத்தில் வட லொம்போக்கில் விழுந்த வீடுகளில் நிறைய தூண், விட்டம் சரியாகக் கட்டாத செங்கல் சுவர்கள். எனவே: தூண் 15-க்கு 15 சென்டிமீட்டர், நெடுக்குக் கம்பி நான்கு, 10 மில்லிக்குக் குறையாமல். வளையம் 8 மில்லி, 15 சென்டிமீட்டருக்கு ஒன்று, முனையை 135 பாகைக்கு உள்ளே மடக்க வேண்டும். கொத்தனார் 90-இல் நிறுத்துவார், விடாதீர்கள், குலுக்கலில் அந்த வளையம் விரிந்துவிடும். ஆறு வரிசைச் செங்கலுக்கு ஒருமுறை தூணிலிருந்து சுவருக்குள் 40 சென்டிமீட்டர் கம்பி நீட்ட வேண்டும். அடிவிட்டம், மேல்விட்டம் இரண்டும் நான்கு சுவரையும் சுற்றி மூட வேண்டும். சிமெண்ட், மணல், ஜல்லி கலவை 1:2:3, தண்ணீர் அரை பங்குக்கு மேல் ஊற்றவிடாதீர்கள். கடைக்குக் காலிப்பர் கொண்டு போங்கள். 10 மில்லி என்று விற்பது பல இடங்களில் 9 கூட இருக்காது, அதற்கு அங்கே ‘பெசி பஞ்சி’ என்றே பெயர், கடைக்காரரே கூச்சப்படாமல் சொல்வார்.

அளவை, வாரிசு எல்லாம் முக்கியம்தான். ஆனால் வழக்கு 20 வருஷம் நடக்கும், சுவர் விழ 20 விநாடி போதும்.

மாத்தாரம் மருமகள்:
தம்பி, வழக்கு நடக்கிற நிலத்தில் சுவரே எழுப்பவிட மாட்டார்கள்.

தெம்போவோங் துறை:
1:2:3 கலவை சரி, சிமெண்ட் போய்ச் சேர வேண்டாமா? செகோதொங் கரையிலுள்ள தெம்போவோங் துறையிலிருந்து கிலி கெடேக்குப் படகில் கால்மணி நேரம்கூட ஆகாது. அந்தப் பக்கம் கரையை ஒட்டிப் பவளத்திட்டு. நீர் வற்றும் நேரத்தில் போனால் படகு வெளியிலேயே தட்டி நின்றுவிடும். அப்படி ஒரு நாள் 40 மூட்டை, ஒன்று 40 கிலோ. இரண்டு பேர் முழங்கால் தண்ணீரில் தலையில் சுமந்து போக, மேற்கே மேகம் கறுக்கிறது. பாதி இறக்குவதற்குள் மழை. மிச்சம் இருபதும் படகுக்குள்ளேயே கல்லாகிவிட்டன.

ஓத அட்டவணையைப் பார்த்து, உச்ச நீருக்கு ஒரு மணி நேரம் முன்னால் கரை தொடுகிற மாதிரி கிளம்புங்கள். மூட்டையைப் படகின் தரையில் வைக்காமல் பலகை போட்டு அடுக்கி, மேலே தார்ப்பாய். ஒரே வாரத்தில் ஊற்றி முடிக்கிற அளவுக்குமேல் கொண்டுபோக வேண்டாம், கடல்காற்றில் கட்டிவிடும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மேல்காற்று, கனமான சரக்கை அக்டோபருக்குள் இறக்கிவிடுங்கள். பாலியின் பாடாங்பாயிலிருந்து லொம்போக்கின் லெம்பாருக்குப் பெரிய கப்பல் 4, 5 மணி நேரம், அலை எச்சரிக்கை வந்தால் துறைமுக அதிகாரி நிறுத்திவிடுவார். அன்றைக்குப் பாலியில் விமானம் பிடிக்க டிக்கெட்டோடு லெம்பாரில் காத்திருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

எல்லைக்கல்:
பினாமி பார்த்தவன், நீங்கள் சொன்னது சரி, ஆனால் வழியைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். வெளிநாட்டவருக்கு நோட்டரி முன்னால் எழுதிய நீண்டகாலக் குத்தகைதான் எளிது. நீட்டிப்புக்கு “அன்றைய சந்தை விலை” என்று மட்டும் எழுதவிடாதீர்கள், விலையைக் கணக்கிடும் முறையை எழுதுங்கள். உரிமையாளர் இறந்தாலும் வாரிசுகளைக் கட்டுப்படுத்தும் என்ற வரியும், அவர் மனைவியின் கையெழுத்தும் வேண்டும். குத்தகைப் பணத்தில் 10 சதவீத வரி யார் கட்டுவது என்பதையும் சேருங்கள். கடலோரம் என்றால் உச்ச ஓத எல்லையிலிருந்து 100 மீட்டர் கரைப் பாதுகாப்பு வரம்பு. வேலியிலிருந்து அளந்து காட்டுவார்கள், நம்ப வேண்டாம், முழுநிலவு நாளில் போய் நீர் ஏறிய கோட்டிலிருந்து நாடா பிடியுங்கள்.