லிப்ஸ்டிக் லேயரில் பளபளப்பையும் வரைந்துவிடலாமா? செகண்ட் லைஃப் ஸ்கின், மேக்கப் விவாதம்

வெண்மதி:
செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில் நம் அவதாரின் தலையும் உடலும் மெஷ், அதாவது முப்பரிமாண உருவம். அதன்மேல் தோலையும் மேக்கப்பையும் சர்வரே சேர்த்து ஒட்டும் பேக்ஸ் ஆன் மெஷ் (பிஓஎம்) வசதி 2019 ஆகஸ்டில் வந்ததிலிருந்து மேக்கப் என்றால் பெரும்பாலும் டாட்டூ லேயர்தான், அதாவது ஒளிபுகும் படமாக அணியும் அடுக்கு. அடியில் ஸ்கின், அதன்மேல் டாட்டூக்கள், அதற்கும் மேல் யுனிவர்சல் என்ற இன்னொரு வகை லேயர். எல்லாவற்றையும் சர்வர் ஒரே படமாகச் சேர்த்து, அதாவது பேக் செய்து, தலை மெஷ் மீது ஒட்டிவிடுகிறது. ஆனால் சர்வர் சேர்ப்பது நிறத்தை மட்டும். மினுமினுப்பு, மேடுபள்ளம் எதுவும் இந்த அடுக்கில் ஏறாது.

அப்படியிருக்க, கன்னத்து நிழல், மூக்குத்தண்டு வெளிச்சம், உதட்டுப் பளபளப்பு இதையெல்லாம் லேயரிலேயே தீட்டிவிடும் வழக்கம் ஏன் இன்னும் போகவில்லை? பிபிஆர் வியூவர் (ஒளியை நிஜம்போலக் கணக்கிடும் புதிய தலைமுறைச் செயலி) பரவியபின் அதில் அட்வான்ஸ்டு லைட்டிங் என்ற ஒளியமைப்பை அணைக்கும் பட்டனே கிடையாது. அதை வைத்திருக்கும் எல்லோர் திரையிலும் உண்மையான ஒளி விழுகிறது. சூரியன் இடப்பக்கம் இருக்க, வரைந்த நிழலும் இடப்பக்கமே கிடந்தால் முகம் அழுக்குப் பிடித்த மாதிரித் தெரிகிறது. என் கட்சி இதுதான்: நிறத்தைத் தட்டையாகக் கொடுங்கள், ஒளியை வியூவர் பார்த்துக்கொள்ளும்.

கருப்பட்டி:
வெண்மதி அக்கா, சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா "வியூவர் பார்த்துக்கும்"னா எதை வச்சுப் பார்த்துக்கும்? பளபளப்பு வரணும்னா தலை மெஷ்ல ஸ்பெகுலர் மேப் (பளபளப்புக்கான படம்), நார்மல் மேப் (மேடுபள்ளத்துக்கான படம்) ஏத்தணும். விக்கிற தலைங்கள்ல பலது நோ-மாடிஃபை, வாங்கினவங்க மாத்த முடியாது. தலை செஞ்சவங்க ஹட்ல (திரைல வர்ற கட்டுப்பாட்டுப் பலகை) என்ன வசதி வச்சிருக்காங்களோ அவ்வளவுதான். வெளியாள் ஒரு லிப் க்ளாஸ் பண்ணா அதுக்குள்ள கை வைக்க வழியே இல்ல. டாட்டூ லேயர் ஒண்ணுதான் எந்தத் தலைக்கும் போகும். அதுல பளபளப்பை வரையாம விட்டா, வாங்கினவங்களுக்குக் கிடைக்கிறது சுவத்துக்கு அடிச்ச டிஸ்டெம்பர் மாதிரி ஒரு உதடு.

இன்னொண்ணு, பழைய மெஷின் வச்சிருக்கிறவங்க பிபிஆருக்கு முந்தின வியூவரையே ஓட்டிட்டிருக்காங்க. அவங்க லைட்டிங்கை அணைச்சு வச்சிருந்தா இந்த மேப் மாதிரி மெட்டீரியல் எதுவுமே தெரியாது.

ஆல்ஃபா அரசன்:
"எந்தத் தலைக்கும் போகும்" என்பதை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும். யூவி என்பது படத்தின் எந்த இடம் மெஷ்ஷின் எங்கே ஒட்டும் என்ற வரைபடம். பழைய எஸ்எல் (செகண்ட் லைஃப்) யூவிக்கு வரைந்த உதட்டை எவோ எக்ஸ் என்ற வேறு யூவி உள்ள தலையில் போட்டால் உதடு உதட்டில் நிற்காது. இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு வேண்டும், பெட்டியிலும் இரண்டையும் பெயரிட்டு வைக்க வேண்டும். கடை மதிப்புரைகளில் வரும் "லிப்ஸ்டிக் மூக்கில் இருக்கிறது" வகைப் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். மெட்டீரியல் என்றதும் ஹட்டில் உள்ள "க்ளாஸ்" பொத்தானைத்தான் பலர் நினைக்கிறார்கள். உதட்டை மட்டும் பளபளக்க வைப்பதற்கு நேரான வழி வேறு. படத்தில் சிவப்பு, பச்சை, நீலத்தோடு நாலாவதாக வருவது ஆல்ஃபா சானல், டாட்டூவில் அது ஒளிபுகும் அளவைச் சொல்லும். நார்மல் மேப்பிலோ ஆல்ஃபா சானல்தான் க்ளாஸினெஸ், அதாவது பளபளப்பின், அளவைச் சொல்கிறது. ஸ்பெகுலர் மேப்பின் ஆல்ஃபா என்விரான்மென்ட், அதாவது சுற்றுப்புறப் பிரதிபலிப்பின், அளவைச் சொல்கிறது. ஆகவே நார்மல் மேப்பின் ஆல்ஃபாவில் கன்னத்துக்கு 60, உதட்டுக்கு 200 என்று சாம்பல் மதிப்பு கொடுத்தால் ஒரே மேப்பில் இரண்டும் பிரிந்துவிடும். என்விரான்மென்ட்டைத் தோலுக்கு 0-வில் வைக்க வேண்டும், ஏற்றினால் பிளாஸ்டிக் பொம்மைதான். ஸ்பெகுலர் நிறம் வெள்ளை வேண்டாம், அடர் சாம்பல் போதும்.

மாடிஃபை அனுமதி உள்ள தலைக்கு இதை நேராகவே ஏற்றலாம். இல்லாதவற்றுக்கு அப்ளையர் (தலையின் தனி அடுக்குகளில் படத்தை ஏற்றும் ஸ்கிரிப்ட் கருவி) வழி. கருப்பட்டி சொல்லும் தடை உண்மை, மறுக்கவில்லை. அதற்காக எல்லாவற்றையும் நிறத்திலேயே வரைவது தீர்வாகாது.

கருப்பட்டி:
அண்ணே, அப்ளையர்னு சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டீங்க. அப்ளையருக்காக மெஷ்மேல மெஷ் போத்தி, வெங்காயத்தோல் கணக்கா அடுக்கினதாலதான் பிஓஎம்மே வந்துச்சு. கணக்குப் போடுங்க: 1024-க்கு 1024, 32 பிட் படம் ஒண்ணு கிராஃபிக்ஸ் மெமரில 4 எம்பி, மிப்மேப் (தூரத்துல காட்டுற சின்னப் பிரதிங்க) சேர்த்தா 5 எம்பிக்கு மேல. தலைல மூணு அப்ளையர் அடுக்கு இருந்தா அது மூணு மடங்கு. பிஓஎம்ல இருபது டாட்டூ போட்டாலும் பக்கத்துல நிக்கிறவன் இறக்கிக்கிறது தலைக்கு ஒரே ஒரு படம். அதுபோக ரெண்டு ஆல்ஃபா அடுக்கு ஒண்ணுமேல ஒண்ணு இருந்தா எது முன்னாடி எது பின்னாடின்னு வியூவருக்கே குழப்பம், கண் இமை முடி காணாமப் போறது, கூந்தல் வழியா நெத்தி தெரியுறது எல்லாம் அதனாலதான்.

அதான் சொல்றேன், வரைஞ்சிடுங்க. மேல் உதட்டு வில்லுல ஒரு மெல்லிய வெளிச்சம், கீழ் உதட்டு நடுவுல ரெண்டு கீத்து, 35 சதவீத ஆல்ஃபா. சோலி முடிஞ்சுது.

மஞ்சள் கிழங்கு:
கருப்பட்டி, அந்த ரெண்டு கீற்று என்ன நிறம்? வெள்ளை என்றால் சண்டைக்கு நானும் வருகிறேன்.

டாட்டூ லேயருக்கு மல்டிப்ளை, ஓவர்லே எதுவும் தெரியாது. போட்டோஷாப்பில் எந்த மோடில் வரைந்தாலும் சர்வரில் நேரடி ஆல்ஃபா கலவை மட்டும்தான். மாநிறத் தோல் ஒன்றை எடுங்கள், ஆர்ஜிபி 110, 70, 48. அதன்மேல் 30 சதவீதம் சுத்த வெள்ளை போட்டால் கிடைப்பது 153, 125, 110. வெளிச்சம் கூடியது சரி, ஆனால் சிவப்புக்கும் நீலத்துக்கும் இருந்த 62 இடைவெளி 43-க்கு இறங்கிவிட்டது. திரையில் அது சாம்பல் பூசிய முகம். அதே 30 சதவீதத்துக்கு 255, 190, 120 என்ற பொன்னிறத்தைப் போடுங்கள்: 153, 106, 70. வெளிச்சம் வெள்ளையைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் இடைவெளி 83. தோல் உயிரோடு இருக்கும்.

மேக்கப் கடைகளில் "எல்லா டோனுக்கும் பொருந்தும்" என்று எழுதிய ஹைலைட்டர்களில் பெரும்பாலானவை வெளிர்த் தோல் மாடலில் மட்டும் பார்த்து விற்கப்படுபவை. நம்மூர் நிறத்தில் அவதார் வைத்திருப்பவர் போட்டால் முகத்தில் விபூதி.

நிழலுக்கு இதன் மறுபக்கம். 232, 190, 170 போன்ற வெளிர்த் தோலில் 20 சதவீதக் கருப்பு போட்டால் 186, 152, 136. அழுக்குச் சாம்பல். அங்கே செம்பழுப்பு வேண்டும். ஆகவே காண்டூர் (முகத்தில் தீட்டும் நிழல்), ஹைலைட் (தீட்டும் வெளிச்சம்) இரண்டையும் குறைந்தது மூன்று டோன் வகைக்குத் தனியாகச் செய்யாமல் வரைவதா வேண்டாமா என்று வாதிடுவதில் அர்த்தமில்லை.

வெண்மதி:
இதுதான் என் வாதத்துக்கே வலு. ஒளியை வரையாவிட்டால் இந்தத் தலைவலியே வராதே.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நல்ல ஸ்கின் எதிலும் மூக்கோர நிழலும் கீழுதட்டு அடி நிழலும் ஓரளவு ஏற்கெனவே தீட்டித்தான் வரும். அதன்மேல் காண்டூர் டாட்டூ, அதன்மேல் உண்மை ஒளியின் நிழல். மூன்று நிழல்! காண்டூரைச் சோதிக்கும்போது டெவலப்பர் ஸ்கின் (படைப்பாளிகள் சோதனைக்கு வைத்திருக்கும் மாதிரி ஸ்கின்) ஒன்றை மட்டும் நம்பாமல், நிழல் அதிகம் தீட்டிய ஸ்கின் ஒன்று, தட்டையான ஸ்கின் ஒன்று, இரண்டின் மேலும் நடுப்பகல், சூரியன் மறையும் நேரம் என்று வைத்துப் பார்க்க வேண்டும். 12 சதவீதத்தைத் தாண்டும் காண்டூர் நிழல் அதிகமுள்ள ஸ்கின்னில் தாடி போலத் தெரியும்.

தூரிகை:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். லிப்ஸ்டிக்கைச் சுற்றி வெள்ளைக் கோடு வருகிறது. கிட்டே பார்த்தால் லேசாக, தள்ளிப்போனால் இன்னும் மோசமாக. ஜிம்பில் ஓரமெல்லாம் சுத்தமாகத்தான் இருக்கிறது. பிஎன்ஜியாக ஏற்றுகிறேன்.

ஆல்ஃபா அரசன்:
ஒளிபுகும் பிக்சல்களுக்கும் அடியில் ஒரு நிறம் உண்டு. உங்கள் கோப்பில் அது வெள்ளை. ஏற்றும்போது படம் ஜேபெக் 2000-ஆகச் சுருங்குகிறது, தூரத்தில் மிப்மேப் பக்கத்துப் பிக்சல்களைக் கலக்கிறது. இரண்டிலும் அந்த வெள்ளை உதட்டு ஓரத்துக்குக் கசிகிறது. தள்ளிப்போனால் மோசமாவதும் இதனால்தான்.

மருந்து: படம் முழுவதையும் உதட்டு நிறத்தால் நிரப்புங்கள், உருவத்தை லேயர் மாஸ்க்கில் மட்டும் வெட்டுங்கள். ஜிம்ப் ஏற்றுமதிப் பெட்டியில், ஒளிபுகும் பிக்சல்களின் நிறத்தைச் சேமி என்ற தேர்வை டிக் செய்யுங்கள். போட்டோஷாப்காரர்கள் 32 பிட் டிஜிஏ எடுத்து ஆல்ஃபா சானலைத் தனியாக வைப்பது பத்திரம். ஏற்கெனவே வரைந்த பல நிறப் படமாக இருந்தால் ஃப்ளேமிங் பேரின் சாலிடிஃபை என்ற இலவச ப்ளக்கின் ஓர நிறத்தை வெளியே பரப்பித் தரும்.

கூடவே பார்க்க வேண்டியது வாயின் உள்பக்கம். 2016 டிசம்பரில் முகத்தை அசைக்கும் பெண்டோ எலும்புகள் வந்தபின் அவதார் வாயைத் திறக்கிறது, இமையைக் கொட்டுகிறது. லிப்ஸ்டிக்கை உதடு சேரும் கோட்டோடு நிறுத்தினால், வாய் திறந்ததும் உள்ளே தோல் நிறத்தில் ஒரு வளையம். 1024 படத்தில் எட்டுப் பத்துப் பிக்சலாவது உள்ளே தள்ளி வரையுங்கள். ஐலைனரும் இமை விளிம்பைத் தாண்டி உள்ளே நாலைந்து பிக்சல் போக வேண்டும்.

கருப்பட்டி:
தம்பி தூரிகை, ஒவ்வொரு தடவையும் 10 லிண்டன் டாலர் குடுத்து ஏத்திப் பாக்காதீங்க. டெக்ஸ்சர் பிக்கர்ல (படம் தேர்ந்தெடுக்கிற பெட்டி) லோக்கல்னு ஒரு தேர்வு இருக்கு, அதுல உங்க கோப்பைச் சேத்து, டாட்டூவை எடிட் பண்ற நிலைல வச்சுப் பாருங்க. எடிட் ஓடுறப்போ வியூவரே உங்க கம்ப்யூட்டர்ல பேக் பண்ணும். ஜிம்ப்ல திருத்திச் சேமிச்சா முகத்துலயும் மாறிடும். சேவ் பண்ணி வெளிய வந்தா சர்வருக்கு அந்தப் படம் தெரியாது, அதனால எடிட்டுக்குள்ளயே பாருங்க. அடுத்தவங்களுக்கும் தெரியணும்னா பீட்டா கிரிட்ல (சோதனைக்கான தனி உலகம்) ஏத்துங்க.

மஞ்சள் கிழங்கு சொன்ன பொன்னிறக் கணக்கை ஒத்துக்கிறேன். வெள்ளையை விடச் சொல்றீங்க, சரி. வரையுறதையே விடச் சொன்னா முடியாது.

மஞ்சள் கிழங்கு:
விடச் சொல்லவில்லை. பிரிக்கச் சொல்கிறேன். டின்ட், அதாவது படத்தின்மேல் நிறமேற்றுவது, பற்றி இங்கே யாரும் வாய் திறக்கவில்லையே! டாட்டூவுக்கு மாடிஃபை கொடுத்தால் வாங்குபவர் நிறத்தைத் தானே மாற்றலாம், 12 நிறத்துக்கு 12 படம் ஏற்ற வேண்டியதில்லை. டின்ட் என்பது பெருக்கல். படம் 200 சாம்பல், டின்ட்டின் சிவப்பு 180 என்றால் விடை 141. அதனால் டின்ட்டுக்கான உதட்டுப் படத்தை 170 முதல் 255 வரையிலான சாம்பலுக்குள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்தச் சிவப்பும் மாட்டு ரத்தமாகிவிடும்.

இப்போது கருப்பட்டியின் இரண்டு கீற்றை அதே படத்தில் வரைந்து டின்ட் செய்யுங்கள். கீற்றும் சிவப்பாகிவிடும். பளபளப்பு போய், உதட்டில் வெளிறிய திட்டு இருக்கும். ஆகவே நிறம் ஒரு டாட்டூ, டின்ட் ஆகும். கீற்று இன்னொரு டாட்டூ, டின்ட் ஆகாது, டோனுக்கு ஒன்றாக மூன்று. வெண்மதி மாதிரித் தட்டை விரும்புகிறவர் கீற்றைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

வெண்மதி:
விற்பனைக்கு அது சரிவரலாம். ஆனால் அடுக்கு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. உடை, டாட்டூ, யுனிவர்சல் எல்லாம் சேர்த்து மொத்தம் 60 லேயர்தான். முகத்துக்கே பதினைந்து போனால் உடம்புக்கு என்ன மிச்சம்?

கருப்பட்டி:
நாப்பத்தஞ்சு மிச்சம். போதாதா அக்கா?

ஆல்ஃபா அரசன்:
எண்ணிக்கை பிரச்சினையில்லை, வரிசைதான் பிரச்சினை. கழுத்துத் தையல் மறைக்கும் டாட்டூ அடியில், அதன்மேல் மச்சம், பிறகு காண்டூரும் ப்ளஷ்ஷும், ஐ ஷேடோ, அதற்கு மேல்தான் புருவம். ஷேடோ புருவத்தின் மேல் ஏறினால் புருவ முடி மங்கிவிடும். கண்மை, உதட்டு நிறம், கடைசியில் கீற்று. எல்லாம் டாட்டூ வகையாகவே இருந்தால் அவுட்ஃபிட் எடிட்டில் மேலே கீழே நகர்த்தலாம். கீற்றை யுனிவர்சலாகச் செய்தால் எப்போதும் டாட்டூக்களுக்கு மேலேயே நிற்கும், வாங்குபவர் வரிசை பார்க்க வேண்டியதில்லை.

ப்ளஷ் பற்றி ஒன்று. உச்ச ஆல்ஃபா 15 சதவீதம் என்றால் 255-இல் 38 படிதான் உள்ளது. அதைக் கன்னம் முழுக்க இழுத்தால் வளையம் வளையமாகத் தெரியும், ஜேபெக் 2000 அதை இன்னும் கெடுக்கும். நிறத்தைத் தோலுக்கு நெருக்கமாக எடுத்து ஆல்ஃபாவை 40 சதவீதத்துக்கு ஏற்றுங்கள், ஆல்ஃபா சானலில் ஒரு சதவீத நாய்ஸ் (பொடிப்புள்ளி) தூவுங்கள்.

தூரிகை:
வெள்ளைக் கோடு போய்விட்டது, நன்றி. பொட்டுக்கும் இதே முறைதானா? வட்டமாக வரைந்தது நெற்றியில் முட்டை வடிவமாக நிற்கிறது.

மஞ்சள் கிழங்கு:
ஓரத்துக்கு அதே முறைதான். வடிவம் யூவி இழுப்பால் வருவது. சம கட்டங்கள் போட்ட படம் ஒன்றை டாட்டூவாக அணிந்து, நெற்றி நடுக் கட்டம் திரையில் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று பார்த்து, பொட்டை எதிர்த்திசையில் அதே விகிதத்துக்கு நசுக்கி வரையுங்கள். வாங்குபவரின் ஷேப் ஸ்லைடர் நெற்றியை மாற்றினால் கொஞ்சம் விலகும், அதைத் தவிர்க்க முடியாது.

விற்பதாக இருந்தால் பெட்டிக்குள் வைக்கும் குறிப்பின் முதல் வரியில் "வியர் வேண்டாம், ஆட் கொடுங்கள்" என்று எழுதிவிடுங்கள். ஆட் என்பது இருப்பதோடு சேர்ப்பது, வியர் கொடுத்தால் ஏற்கெனவே போட்ட டாட்டூ கழன்றுவிடலாம். கழன்றது புருவ டாட்டூ என்றால், புருவமில்லாத ஸ்கின் போட்டவருக்குப் புருவமும் போய்விடும்.

கருப்பட்டி:
ரெண்டாவது வரில கன்ட்ரோல், ஆல்ட், ஆர் சேத்துக்கோங்க. பேக் பாதில நின்னு முகம் மங்கலா இருந்தா அதை அமுக்கினா திரும்பப் பேக் ஆகும்.