படித்ததைக் குறித்து வைக்க நோட்டு தைப்பது எப்படி?

கதைப்பைத்தியம்: ஏ4 தாள் 12 எடுத்து மடித்து நடுவில் தைத்தால், உள்தாள்கள் வெளியே துருத்துகின்றன, துளையும் கிழிகிறது. என்ன செய்யலாம்?

ஊசிநூல்: 12 அதிகம்ங்க. 5, 6 தாள் போதும். துருத்தும் ஓரத்தைத் தைத்த பிறகு வெட்டுங்கள், முன்னால் வெட்டினால் பயனில்லை. மடிப்பின் நீளம் 21 செ.மீ. நடுவில் ஒரு துளை, இரு முனையிலிருந்தும் 3 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. நூல் 60 செ.மீ., மெழுகுவர்த்தியில் இருமுறை இழுத்தது.

உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே போங்கள். மேல்துளையில் உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே, மறுபடி நடுவில் உள்ளே. நூலின் இரு முனையும், உள்ளே மேல்துளையிலிருந்து கீழ்த்துளைவரை ஓடும் நீளத் தையலின் இருபக்கமும் நிற்க வேண்டும், அப்போதுதான் முடிச்சு அதைப் பிடித்துக்கொள்ளும். நூலை மடிப்பின் போக்கிலேயே இழுங்கள். தாளை விட்டு மேலே தூக்கி இழுப்பதால்தான் துளை கிழிகிறது.

காகிதப்பூச்சி: இழைப்போக்கையும், அதாவது தாளின் நார்கள் ஓடும் திசையையும் பாருங்க. கடை ஏ4 தாளில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும், மடிப்பு அதற்குக் குறுக்கே விழும். நோட்டு விறைத்துக்கொண்டு, திறந்தால் படியாது. நீளவாக்கு இழையுள்ள ஏ3 தாளைப் பாதியாக வெட்டி மடித்தால் சரியாகும். இழை தெரியவில்லையா? ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். நேராகக் கிழியும் திசைதான் இழை.

கதைப்பைத்தியம்: அட்டைக்கு?

ஊசிநூல்: 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) தாள். மடிக்குமுன் மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்துக் கோடு அழுத்துங்கள், இல்லாவிட்டால் மடிப்பு வெடிக்கும். உள்ளே கட்டம் எல்லாம் போடாதீங்க. பிடித்த வரியும் பக்க எண்ணும் போதும்.