வைக்கம்: பொறுமை வென்றதா, பொறுக்காதவர்கள் வென்றார்களா?

தேர்முட்டி:
"ஒழுங்கு, பொறுமை, சக மனிதனை மதிப்பது எல்லாம் பள்ளிக்கூடக் குடிமைப் பாடம். சமூக மாற்றத்துக்கு உதவாது" என்றார் நண்பர் ஒருவர். எனக்குக் கேரளத்தில், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த வைக்கம் நினைவுக்கு வந்தது. 1924 மார்ச் 30. கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லாச் சாதியாரும் நடக்கும் உரிமைக்காக மூன்று பேர் புறப்பட்டார்கள்: புலையரான குஞ்ஞாப்பி, ஈழவரான பாகுலேயன், நாயரான கோவிந்தப் பணிக்கர். மேல்சாதிக்காரரான பணிக்கருக்கு அந்தத் தெருவில் தடையே இல்லை. தனியாகப் போயிருந்தால் வீடு வரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். போகவில்லை. மற்ற இருவரோடு அவரும் கைதானார். இந்தக் குணம் இல்லாமல் எந்த இயக்கம் முதல் நாளைத் தாண்டும்?

ஈரோட்டுக்காரன்:
பணிக்கருக்கு ஒரு கும்பிடு. ஆனால் அண்ணே, பொறுமையை யாரிடம் கேட்டார்கள்? அடி வாங்கியவனிடம். கண்ணில் சுண்ணாம்பு பூசப்பட்டவனிடம். மழை வெள்ளத்தில் தொண்டர்கள் தண்ணீரில் நின்றார்கள், போலீஸ் படகில் இருந்து காவல் காத்தது. படகில் இருந்தவனிடம் யாராவது பண்பு கேட்டார்களா? ஈழவர்களின் துறவியும் சீர்திருத்தவாதியுமான நாராயண குருவே, மழையில் நிற்பதால் என்ன பயன், தடுப்பைத் தாண்டிப் போகட்டும் என்ற பொருளில் பேசியதாகச் செய்தி வந்தது. காந்தி அதை ஏற்கவில்லை. பிறகு குரு விளக்கம் தர வேண்டியதாயிற்று. அப்புறம் 1925 பிப்ரவரியில் தெருக்களைத் திறக்கும் தீர்மானம் திருவிதாங்கூர் சட்டசபைக்கு வந்தது. ஆதரவு 21, எதிர்ப்பு 22. பத்து மாதத்துக்கு மேலான பொறுமைக்கு விடை அதுதான்.

தேர்முட்டி:
தம்பி, குரு பேச்சை முழுசாகச் சொல்லுங்கள். தாண்டிப் போகச் சொன்னவர் திருப்பி அடிக்கச் சொல்லவில்லை. ஆயிரம் ரூபாய் கொடுத்தார், தன் மடத்தையும் தொண்டர்களுக்கு விட்டார். சபையில் 21 பேர் கை தூக்கியதே சும்மா நடந்ததா? அதற்கு மூன்று மாதம் முன் நாயர் சமூகத் தலைவர் மன்னத்து பத்மநாபன் தலைமையில் மேல்சாதியாரே வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்தார்கள். 25,000 பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனுவை மகாராணியிடம் கொடுத்தார்கள். தொண்டர்கள் முதல் வாரத்திலேயே கல்லெடுத்திருந்தால் அந்தக் கையெழுத்துகள் விழுந்திருக்குமா?

ஈரோட்டுக்காரன்:
கல்லெடுக்கச் சொல்லவில்லை. பண்பு மட்டும் போதாது என்கிறேன். தலைவர்கள் வரிசையாகச் சிறைக்குப் போனதும் பெரியார் வந்தார். ஊர் ஊராகப் போய் ஆட்சியையும் ஆசாரத்தையும் உரித்துத் தொங்கவிட்டார். இரண்டு முறை சிறை. அந்தப் பேச்சில் 'நயம்' இருந்ததாக யாரும் புகார் சொல்லவில்லை!

திண்ணை:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தத் தெருக்களில் கிறிஸ்தவரும் முஸ்லிமும் நடக்கலாம். ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது. அப்படியானால் இது நடைபாதைச் சண்டை, கடவுள் சண்டை இல்லை. ஆனாலும் போராட்டத்தை நடத்திய காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஜோசப் கிறிஸ்தவர் என்பதால் இதை இந்துக்களிடம் விட்டுவிடச் சொன்னார் காந்தி. பஞ்சாபிலிருந்து அகாலிகள் என்ற சீக்கியத் தொண்டர்கள் வந்து இலவசச் சமையற்கூடம் போட்டார்கள். அதையும் அவர் விரும்பவில்லை. பசித்தவனுக்குச் சோறு போட வந்தவனைத் திருப்பி அனுப்புவது எந்தக் குடிமைப் பண்பில் சேர்த்தி? பண்பு இருந்தது ஐயா. அதற்கும் ஒரு வேலி போட்டுவிட்டார்கள், அதுதான் என் குறை.

தேர்முட்டி:
அகாலி விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை அக்கா. போராட்டத்தின் சாப்பாட்டை உள்ளூரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று காந்தி நினைத்தார். எனக்கும் அது முழுதாக ஒப்பவில்லை.

ஈரோட்டுக்காரன்:
சரி, கடைசியில் என்ன கிடைத்தது? 1925 நவம்பரில் மூன்று பக்கத் தெரு. கிழக்குப் பக்கம் கிடைக்கவில்லை. கோவிலுக்குள் நுழைய 1936 நவம்பர் 12 வரை காத்திருந்தார்கள்.

திண்ணை:
பாதி வெற்றிதான். மறுக்கவில்லை. ஆனால் 1925 மார்ச்சில் காந்தி பேச்சுவார்த்தைக்குப் போன இண்டந்துருத்தி மனையை, அந்த நம்பூதிரி பிராமணர் வீட்டை, நினைத்துப் பாருங்கள். அவர் பிராமணர் இல்லை என்பதால் உள்ளே விடாமல் வெளியே உட்கார வைத்துப் பேசினார்கள். அதே மனை பின்னாளில் கைமாறியது. இப்போது அங்கே கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகம் நடக்கிறது.