ஆங்கிலம் வாசிக்காதவர்களோடு ஒரு புக்கர் நாவலை எப்படிக் கதைப்பது?

கொக்குவில் வாசகி:
எங்கள் வாசிப்பு வட்டம் மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் கூடும். இந்த முறை அனுக் அருட்பிரகாசத்தின் ‘எ பாசேஜ் நோர்த்’. 2021 புக்கர் பரிசின் குறும்பட்டியலில் வந்த ஆறு நாவல்களில் ஒன்று. கம்பஸ் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாசித்துவிடுவார்கள். மற்றப் பாதிப்பேருக்கு அது சரிவராது. அவர்களில் போர் நடந்த வன்னியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு அம்மாவும் இருக்கிறா.

நாவலில், தன் அப்பம்மாவைப் பார்த்துக்கொண்ட ராணி இறந்துபோன செய்தி கதைநாயகன் கிரிஷானுக்கு வருகிறது. கொழும்பிலிருந்து ரெயினேறி செத்தவீட்டுக்குப் போகிறான். ராணியின் மூத்த மகன் புலிகள் இயக்கத்தில் இருந்து இறந்தவன், இளையவன் ஷெல்லில் போனவன். செத்தவீடு, காடாத்து, எட்டுச்செலவு என்ற சாவுச் சடங்குகளெல்லாம் எங்கள் மூத்தவர்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? அவர்களைச் சும்மா இருத்திவிட்டு ஆங்கிலம் தெரிந்தவர்கள் மட்டும் கதைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ராணியைப் பற்றி அந்த அம்மா என்ன சொல்லுவா என்று அறியத்தான் இந்தப் புத்தகத்தையே கேட்டேன். கதைச்சுருக்கம் சொல்லித் தொடங்கினால் போதுமா?

வடமராட்சியான்:
போதாது அக்கா. சம்பவத்தை மட்டும் சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பெரும்பகுதி கிரிஷானின் நினைப்புத்தான், வசனங்களும் நீளம். ராணி வருகிற பக்கங்களைத் தெரிந்தெடுத்து, ஒருவர் புத்தகத்தைப் பார்த்து அங்கேயே தமிழில் சொல்லட்டும். வசனத்தை உடைத்துச் சொன்னாலும் பரவாயில்லை.

பழைய ரீச்சர்:
பிள்ளை, அந்த அம்மாவிடம் முதலே தனியாகப் போய்க் கதையுங்கோ. ராணிக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை கொடுத்தது, அவள் கிணற்றில் விழுந்து இறந்தது எல்லாம் நாவலில் வருகிறது. சபை நடுவில் முதன்முதலாகக் கேட்க வைக்கக் கூடாது. வர விருப்பமில்லை என்றால் அதையும் மதிக்க வேண்டும்.

திருநெல்வேலி மாணவி:
நாவலில் நேர்ப்பேச்சே கிடையாது. ராணி வாய் திறந்து ஒரு வரி கதைப்பதை நாங்கள் கேட்பதில்லை, கிரிஷான் நினைப்பதுதான் கிடைக்கிறது. அது சரியா என்று முதல் கேள்வியாக வையுங்கள். அதற்குப் பதில் சொல்ல ஆங்கிலம் தேவையில்லை.

கொக்குவில் வாசகி:
ரீச்சர், நாளைக்கே அம்மா வீட்டுக்குப் போகிறேன். தங்கச்சி, உங்கள் கேள்வியோடுதான் தொடங்குவோம். தமிழில் சொல்ல இரண்டு பேரைப் பிடிக்க வேண்டும், பின்னேரம் முழுக்க ஒருவரால் முடியாது. அடுத்ததற்கு 2024 பெண்கள் புனைகதைப் பரிசு வாங்கிய வி. வி. கணேசானந்தனின் ‘பிரதர்லெஸ் நைட்’டைக் கேட்கிறார்கள். 1981 யாழ்ப்பாணத்தில் தொடங்குகிற கதை. அதற்கும் இதே ஏற்பாடுதான்.